வயிற்றில் கோடு விழாமல் எண்ணெய் காப்பாற்றுமா? கர்ப்பிணிகளும் வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐந்தாம் மாதம் தொடங்கியதுமே ஆரம்பித்துவிடும் அட்வைஸ் மழை. "தினமும் தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக்கோ" என்பார் அம்மா. "விளக்கெண்ணெய்தான் பெஸ்ட்" என்பார் மாமியார். "பாதாம் எண்ணெய் வாங்கிக்கோடி, எனக்கு ஒரு கோடுகூட விழலை" என்பாள் தோழி. போனைத் திறந்தால் அதைவிட அதிகம். 'ஏழே நாளில் தழும்பு மாயம்', 'நூறு சதவிகிதம் இயற்கை' என்று குட்டிக் குட்டி பாட்டில்கள் வரிசைகட்டி நிற்கும்.

நம் பகுதிக்கு வரும் கேள்விகளிலும் இது அடிக்கடி தலைகாட்டுகிறது. 'எந்த எண்ணெய் தேய்த்தால் ஸ்ட்ரெச் மார்க்ஸ் வராது?' கூடவே இன்னொரு கேள்வியும் வரும். 'தினமும் தேய்த்தேன், ஆனாலும் வந்துவிட்டது. நான் எங்கே தப்பு செய்தேன்?'

இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஏன் என்பதை விளக்கமாகப் பார்ப்போம்.

கோடு விழுவது எங்கே?

நம் தோல் ஒரே அடுக்கு அல்ல. கண்ணுக்குத் தெரிகிற மேல்தோலுக்குக் கீழே, 'டெர்மிஸ்' என்கிற தடித்த உள்தோல் இருக்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன், இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும் எலாஸ்டின் ஆகிய இரண்டு புரத இழைகளும் இருப்பது இந்த உள்தோலில்தான்.

கர்ப்பகாலத்தில் வயிறு, மார்பு, இடுப்பு, தொடை எல்லாம் சில மாதங்களில் வேகமாகப் பெரிதாகின்றன. அதோடு அந்த நேரத்து ஹார்மோன் மாற்றங்களும் இழைகளின் பிடிமானத்தைத் தளர்த்துகின்றன. இழுவையும் தளர்வும் சேரும்போது உள்தோலில் இழைகள் ஆங்காங்கே விட்டுப்போகின்றன. அந்த இடம்தான் வெளியே கோடாகத் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு, ஏழாம் மாதங்களில் இது கண்ணில் படத் தொடங்கும். சிலருக்கு அதற்கு முன்பே வரலாம். முதலில் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, மாநிறத் தோலில் கரும்பழுப்பாகவோ இருக்கும். மாதங்கள் போகப்போக நிறம் வெளுத்து, வெள்ளி இழை போல மாறும்.

எண்ணெய் வேலை செய்வது மேல்தோலில். விரிசல் விழுவது உள்தோலில். உள்ளே எலாஸ்டிக் விட்டுப்போன பாவாடைக்கு மேலே எவ்வளவு கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாலும் அது இடுப்பில் நிற்காது இல்லையா? கிட்டத்தட்ட அதே கதைதான்.

யாருக்கு அதிகம் வரும்?

கர்ப்பிணிகளில் 50 முதல் 90 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் கோடுகள் வருகின்றன என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. ஆக, வருவதுதான் வழக்கம். வராமல் இருப்பதுதான் விதிவிலக்கு.

வாய்ப்பை அதிகமாக்கும் காரணங்கள் இவை:

• அம்மாவுக்கோ, உடன்பிறந்த சகோதரிக்கோ வந்திருப்பது

• சிறு வயதில் கர்ப்பமாவது

• கர்ப்பத்துக்கு முன்பே உடல் எடை அதிகமாக இருப்பது

• கர்ப்பகாலத்தில் எடை மிக வேகமாகக் கூடுவது

• இரட்டைக் குழந்தைகள், அல்லது எடை அதிகமுள்ள குழந்தை

• பருவ வயதிலேயே மார்பிலோ தொடையிலோ கோடுகள் விழுந்திருப்பது

இந்தப் பட்டியலில் வயதைக் கவனியுங்கள். 'இளம் தோல்தானே, தாங்கும்' என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடப்பது நேர்மாறு. 20 வயதில் முதல் குழந்தை பெறுபவருக்குக் கோடுகள் அதிகமாகவும், 32 வயதில் பெறுபவருக்குக் குறைவாகவும் இருப்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. 'எனக்கு ஒரு கோடுகூட விழலை' என்று சொல்லும் தோழியின் ரகசியம் அவர் தேய்த்த பாட்டிலில் இல்லாமல், அவருடைய அம்மாவின் தோலில் இருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

'பாட்டி சொன்னது பொய்யா?' என்று யாரும் கோபப்பட வேண்டாம். சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் 'காக்ரேன்' அமைப்பு, கர்ப்பகாலக் கோடுகளைத் தடுப்பதற்காகப் பூசப்படும் கிரீம், எண்ணெய், களிம்புகள் பற்றி 2012-ல் ஓர் அலசலை வெளியிட்டது. 6 ஆய்வுகள், மொத்தம் 800 பெண்கள். பூசியவர்களுக்கும் பூசாதவர்களுக்கும் இடையே, கோடு விழுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்பதே முடிவு.

ஆலிவ் எண்ணெயை ஈரானில் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை. 'கோகோ பட்டர்' எனப்படும் கோகோ வெண்ணெயை லெபனானிலும் ஜமைக்காவிலும் சோதித்தார்கள். அதிலும் பலன் இல்லை.

கொஞ்சம் நம்பிக்கை தந்தது துருக்கியில் இருந்து வந்த ஓர் ஆய்வு. 2012-ல் வெளியான அதில், முதல் குழந்தையைச் சுமக்கும் 141 பெண்கள் பங்கேற்றார்கள். கசப்பு பாதாம் எண்ணெயைத் தேய்த்து 15 நிமிடம் மசாஜ் செய்தவர்களில் 20 சதவிகிதம் பேருக்குக் கோடு விழுந்தது. அதே எண்ணெயை மசாஜ் இல்லாமல் சும்மா பூசிக்கொண்டவர்களில் 38.8 சதவிகிதம். எதுவுமே பூசாதவர்களில் 41.2 சதவிகிதம்.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். எண்ணெய் மட்டும் பூசியவர்களுக்கும் பூசாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பலன் ஏதாவது இருந்தால், அது தேய்க்கும் கையில் இருந்திருக்கலாமே தவிர பாதாமில் இல்லை. அதிலும், இது சிறிய ஆய்வு. பெண்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கவும் இல்லை. அதனால், 'மசாஜ் செய்தால் நிச்சயம் வராது' என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், 'பாதாம் எண்ணெய் தடுக்கிறது என ஆய்வில் நிரூபணம்' என்று விளம்பரங்களில் பார்க்கும்போது, அந்த ஆய்வு முழுதாக என்ன சொன்னது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரகர் காலத்துச் சந்தேகம்

இந்தக் கவலை இன்றைக்கு வந்ததல்ல. ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான 'சரக சம்ஹிதை', ஏழாம் மாதத்தில் வயிற்றில் ஏற்படும் எரிச்சல், அரிப்பு, கோடு ஆகியவற்றை 'கிக்கிஸம்' என்ற பெயரில் பேசுகிறது. 'குழந்தைக்கு முடி முளைப்பதால்தான் வயிறு அரிக்கிறது என்று பெண்கள் சொல்கிறார்கள்; அது சரியல்ல' என்று ஆத்ரேயர் மறுப்பதும் அதில் இருக்கிறது. கரு வளர்ந்து அழுத்துவதால் வரும் மாற்றம் இது என்பது அவர் தரும் விளக்கம். நம் வீடுகளில் இன்றும் 'பிள்ளைக்கு முடி முளைக்குது, அதான் அரிக்குது' என்று சொல்கிறார்கள். அத்தனை பழைய நம்பிக்கை, அத்தனை பழைய மறுப்பு!

சொறியக் கூடாது என்ற அறிவுரையும் அந்த நூலிலேயே உண்டு. 'நகம் பட்டால் கோடு விழும்' என்று நம் பாட்டிகள் சொல்வதும் அதே வழியில் வந்ததுதான். சொறிவதால் கோடு விழுவதில்லை. அரிக்கும் இடமும் கோடு விழும் இடமும் ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால், நகம் பட்டுப் புண்ணாகிக் கிருமித்தொற்று வரலாம். அந்தக் காரணத்துக்காகப் பாட்டி சொல்வதைக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அதே நூலில் அரளி இலை சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயும் சொல்லப்பட்டிருக்கிறது. அரளி விஷம். பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக யாரும் வீட்டில் காய்ச்சிப் பார்க்க வேண்டாம்.

அப்படியென்றால் எண்ணெயே வேண்டாமா?

தாராளமாகத் தேய்க்கலாம். எதற்காகத் தேய்க்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

விரிந்துகொண்டே போகும் தோல் வறண்டுபோகும், அரிக்கும், இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். எண்ணெய், தோலின் ஈரப்பதம் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. அரிப்பு குறைகிறது. ராத்திரி தூக்கம் கொஞ்சம் நன்றாக வருகிறது. எட்டாம் மாதத்தில் இதுவே பெரிய விஷயம்தானே!

அதற்கு நூற்றுக்கணக்கில் செலவழித்து பாட்டில் வாங்கத் தேவையில்லை.

தேங்காய் எண்ணெய்: வாசனை சேர்க்காத, சமையலுக்கு வாங்கும் சாதாரண எண்ணெயே போதும். வேர்க்குரு, சிறு பரு வந்தால் நிறுத்திவிடுங்கள்.

நல்லெண்ணெய்: காலங்காலமாக நாம் உடம்பில் தேய்த்துவருவதுதான். எள் அலர்ஜி இருப்பவர்கள் தவிர்க்கவும்.

பாதாம் எண்ணெய்: பிடித்திருந்தால் தேய்க்கலாம். பாதாம், முந்திரி போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் தொட வேண்டாம்.

விளக்கெண்ணெய்: பிசுபிசுப்பு அதிகம். தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து பூசலாம். எந்தக் காரணம்கொண்டும் குடிக்கக் கூடாது. அது கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வலியைத் தூண்டக்கூடும்.

எண்ணெய் பிடிக்காதவர்களுக்கு வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் இதே வேலையைச் செய்யும்.

எப்படித் தேய்ப்பது?

• புது எண்ணெய் என்றால், முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பாருங்கள். சிவந்தாலோ, தடித்தாலோ வேண்டாம்.

• குளித்து, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். காய்ந்த தோலில் பூசுவதைவிட இது பலன் தரும்.

• உள்ளங்கையால் மெதுவாக, வட்டமாகத் தடவினால் போதும். வயிற்றை அழுத்தவோ, பிசையவோ கூடாது. 'குழந்தையைத் திருப்பிவிடுறேன்' என்று யார் வந்தாலும் வயிற்றை நீவ விடாதீர்கள்.

• குளியலறையில் நின்றுகொண்டு தேய்க்காதீர்கள். எண்ணெய் சிந்திய தரை, பெரிய வயிறு, குனிந்து பார்க்க முடியாத நிலை... வழுக்கி விழ இது போதும். கட்டிலில் உட்கார்ந்து பழைய துண்டைக் கீழே விரித்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும் முன் பாதத்தைத் துடைத்துவிடுங்கள்.

• கணவரோ, அம்மாவோ, மாமியாரோ தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது. முதுகும் இடுப்பும் எட்டாது பாருங்கள்.

இவற்றைத் தள்ளி வையுங்கள்

'ரெட்டினால்', 'ரெட்டினைல் பால்மிடேட்', 'ட்ரெட்டினாயின்' என்று லேபிளில் இருந்தால் கர்ப்பகாலத்தில் அந்தக் கிரீம் வேண்டாம். இவை வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தவை. முன்பக்கம் 'இயற்கை' என்று பச்சை இலை படம் இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் இவை இருக்கும். பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கற்பூரம், யூகலிப்டஸ் சேர்த்த எண்ணெய்கள், வலி நிவாரணத் தைலங்கள், அடர்த்தியான வாசனை எண்ணெய்கள் ஆகியவற்றை டாக்டரைக் கேட்காமல் வயிற்றில் பூச வேண்டாம். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத 'ஸ்பெஷல்' எண்ணெய்களும் இதே பட்டியல்தான்.

இந்த அரிப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

வயிற்றில் லேசான அரிப்பு சாதாரணம். ஆனால், கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. ராத்திரியில் அதிகமாகித் தூங்கவிடாமல் செய்கிறது. தடிப்போ பருவோ எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அது கல்லீரல் தொடர்பான பிரச்னையாக இருக்கலாம். கர்ப்பகாலத்தில் சிலருக்குக் கல்லீரலில் இருந்து பித்தநீர் சரியாக வெளியேறாமல், பித்த அமிலங்கள் ரத்தத்தில் கூடிவிடும். சிலருக்குச் சிறுநீர் அடர் மஞ்சளாகவும், மலம் வெளுத்தும் போகும். சிலருக்குக் கண்ணில் மஞ்சள் தெரியும். அரிப்பைத் தவிர வேறு எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம்.

அம்மாவுக்கு வெறும் அரிப்பாகத் தெரியும் இந்தப் பிரச்னை, குழந்தைக்கு ஆபத்தானது. குறைமாதப் பிரசவம் ஆகலாம். பித்த அமில அளவு மிக அதிகமானால், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயமும் கூடுகிறது. கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனையும், பித்த அமில அளவுப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மருந்து கொடுத்து, தொடர்ந்து கண்காணித்து, சரியான நேரத்தில் பிரசவம் பார்க்க மருத்துவர்களால் முடியும்.

'கர்ப்பம்னா அரிக்கத்தான் செய்யும், எண்ணெய் தேய்' என்று வீட்டில் சொன்னாலும் கேட்காதீர்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், 'உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கிறது' என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், தமிழ்நாட்டில் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. வயிற்றுக் கோடுகளின் மேலேயே சிவப்புத் தடிப்புகள் கிளம்பி, தொடைக்கும் பரவி, பயங்கரமாக அரிக்கும். தொப்புளைச் சுற்றி மட்டும் இருக்காது. இது குழந்தையைப் பாதிக்காது. பிரசவத்துக்குப் பின் தானாகப் போய்விடும். ஆனாலும், அது இதுதானா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அரிப்பைக் குறைக்கப் பாதுகாப்பான களிம்புகள் இருக்கின்றன.

எடை: நம் கையில் கொஞ்சம் இருக்கிறது

அம்மா வழி வந்த தோலை மாற்ற முடியாது. எடை ஏறும் வேகத்தில் மட்டும் நமக்கு ஓரளவு பிடி இருக்கிறது. சராசரி எடையுள்ள இந்தியப் பெண், கர்ப்பகாலம் முழுவதும் 10 முதல் 12 கிலோ வரை கூடினால் போதும் என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டல். 'ரெண்டு பேருக்குச் சாப்பிடு' என்று தட்டை நிரப்புகிறார்களே, உண்மையில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக, கோடு விழும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பது பெரிய தவறு. அது குழந்தையின் வளர்ச்சியில் போய் முடியும். உங்கள் எடைக்கு எவ்வளவு கூடலாம் என்று மாதாந்திரப் பரிசோதனையில் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. கையோடு அரிப்பு, ரத்தசோகை எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

பிரசவத்துக்குப் பிறகு?

பெரும்பாலான கோடுகள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். முழுதாக மறையாது; ஆனால், கண்ணை உறுத்தாது. ரொம்பவே சங்கடமாக இருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். கோடு சிவப்பாக இருக்கும்போது செய்யும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். லேசர், நுண்ணூசி சிகிச்சைகள் தோற்றத்தை ஓரளவு மேம்படுத்தும். எதுவும் தோலைப் பழையபடி ஆக்கிவிடாது; செலவும் அதிகம். சில கிரீம்களைத் தாய்ப்பால் கொடுக்கும்போது பூசக் கூடாது. அதனால், பால் கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

போன வருடம் என் அக்காவின் வளைகாப்பு முடிந்த வாரம், அவள் அறையில் மூன்று எண்ணெய் பாட்டில்கள் இருந்தன. மூன்றும் மூன்று பேர் அன்போடு வாங்கிக் கொடுத்தவை. பிரசவத்துக்குப் பின் அதே மூன்று பேரில் ஒருவர், "ஒழுங்கா தேய்ச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால், பத்து நாள் பச்சை உடம்புக்காரி, தூங்காத கண்ணோடு, தன்னுடைய சோம்பேறித்தனத்தால்தான் இது வந்தது என்று நம்பிவிட்டாள். "நான் ரெண்டு மூணு நாள் விட்டுட்டேன்டி" என்று என்னிடம் கணக்குச் சொன்னாள்.

அந்த ஒரு கேள்வியால் சிலர் புடவையை ஏற்றிக் கட்டத் தொடங்குகிறார்கள். கணவர் முன்பு விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். குழந்தை பெற்ற சந்தோஷத்துக்கு நடுவே, தேவையே இல்லாத ஒரு குற்ற உணர்ச்சி ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயால் தடுக்க முடியாத ஒன்றுக்கு, எண்ணெய் தேய்க்காதவளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

எனவே அம்மாக்களே, மாமியார்களே, கணவர்களே... எண்ணெய் பாட்டில் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் நீங்களே தேய்த்தும் விடுங்கள். முதுகு வலிக்கும், தூக்கம் வராத அந்த எட்டாம் மாத ராத்திரியில், அவள் கேட்பது ஒரு கை உதவி. தேய்க்கும்போது, "உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்குதாம்மா?" என்று மறக்காமல் ஒரு வார்த்தை கேளுங்கள். 'ஆமாம்' என்று சொன்னால், பாட்டிலை மூடி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.